தொழில்நுட்பத் தேவை மதிப்பீடு: பம்ப் நிலையத்தையும் கூரைச் சோலாரையும் ஒரே பட்டியலில் போடலாமா?

பாயான்பாரு_வாசி எழுதியது:

வணக்கம். பினாங்குத் தீவில் கடலோரத் தாழ்நிலம் ஒன்றுக்குக் காலநிலைத் தொழில்நுட்ப மதிப்பீடு தயாராகிறது. ஐ.நா.வின் தொழில்நுட்பத் தேவை மதிப்பீட்டு முறையை வட்டார அளவில் பின்பற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. கையில் 14 தொழில்நுட்பங்கள் இருக்கின்றன. கூரைச் சோலார், எல்.இ.டி. தெருவிளக்கு, அலைக்கதவுடன் (கடல் ஏறும்போது மூடும் கதவு) பம்ப் நிலையம், திடலுக்கு அடியில் தடுப்புத் தொட்டி, நீர் இறங்கும் நடைபாதை, மழைநீர் சேகரிப்பு, வெள்ள எச்சரிக்கை சைரன், நிழல்மரம் இப்படிப் போகிறது.

அளவுகோல் ஆறு: செலவு, பசுமை இல்ல வாயுக் குறைப்பு, வெள்ளக் குறைப்பு, வேலைவாய்ப்பு, உள்ளூர்த் திறன், மக்கள் ஏற்பு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். செலவுக்கு 30 விழுக்காடு எடை, மற்றவை சமமாக 14.

கூட்டிப் பார்த்தால் சோலார் முதலிடம், தெருவிளக்கு இரண்டாமிடம், பம்ப் நிலையம் 13-ஆவது. ஆனால் அந்த இடத்தின் பிரச்சினையே கடல் ஏற்றமும் கனமழையும் சேர்ந்து வரும்போது லோங்காங் (வடிகால்) நிரம்பி வீட்டுக்குள் தண்ணீர் வருவதுதான். முறை தவறா, நாங்கள் போட்ட விதம் தவறா? எடையை எப்படி வைப்பது? மழைக்கும் கார்பனுக்கும் எந்த எண்ணை எடுப்பது?

—

கணக்குமேசை எழுதியது:

முறையில் குறை இல்லை தம்பி. பதினான்கையும் ஒரே சட்டியில் போட்டதுதான் வினை. சோலாருக்கு வெள்ளக் குறைப்பில் 1, பம்புக்கு வாயுக் குறைப்பில் 1 போட்டிருப்பீர்கள். இரண்டும் தன் வேலையே இல்லாத ஒன்றைச் செய்யாததற்கு மதிப்பெண் இழக்கின்றன. அப்புறம் வரிசையை முடிவு செய்வது தொழில்நுட்பத்தின் தரமல்ல, எந்தப் பக்கத்து அளவுகோல் அதிகம் இருக்கிறது என்பதுதான்.

இந்த முறையின் வேர் 2001-இல் மராக்கேஷ் ஐ.நா. காலநிலை மாநாட்டில் ஒப்புக்கொண்ட தொழில்நுட்பப் பரிமாற்றச் சட்டகம். 2008 போஸ்னான் திட்டத்துக்குப் பிறகு, 2009 முதல் உலகச் சுற்றுச்சூழல் வசதி நிதியில் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் இதை நாடு நாடாக நடத்துகிறது. அதில் தணிப்பு (வாயு உமிழ்வைக் குறைப்பது) வேறு, தகவமைப்பு (பாதிப்பைச் சமாளிப்பது) வேறு. தணிப்புக்குள் மின்சாரம், போக்குவரத்து, கழிவு என்றும், தகவமைப்புக்குள் நீர், கரையோரம், வேளாண்மை என்றும் துறை துறையாகப் பிரித்து, துறைக்குள் மட்டும்தான் போட்டி. உங்கள் பட்டியலையும் “என்ன சேவை கிடைக்கிறது” என்று கேட்டுப் பிரியுங்கள். மின்சாரத்துக்கு ஓர் அட்டவணை, வெள்ளத்துக்கு ஒன்று, வெப்பத்துக்கு ஒன்று. நிழல்மரம் வெப்ப அட்டவணையில் மட்டும் இருக்கட்டும். அது உறிஞ்சும் கார்பனைக் குறிப்பில் எழுதுங்கள், இரண்டு இடத்தில் எண்ணாதீர்கள். சைரனைப் போட்டியிலிருந்தே எடுத்துவிடலாம். அது தண்ணீரைக் குறைப்பதில்லை, சேதத்தைக் குறைக்கிறது. பம்ப் வந்தாலும் வராவிட்டாலும் அது தேவை.

அடுத்து 1 முதல் 5. அளக்கக்கூடியதை இப்படிச் சுருக்குவது தகவலை வீணாக்குவது. செலவை ரிங்கிட்டிலும், வெள்ளத்தை உச்ச ஆழம் எத்தனை விழுக்காடு குறைகிறது என்றும் எழுதுங்கள். பிறகு மிக மோசமானதை 0, மிக நல்லதை 100 என்று மாற்றுங்கள்.

எடையில்தான் பெரும்பாலான அறிக்கைகள் சறுக்குகின்றன. “செலவு முக்கியம், அதனால் 30” என்று சொல்வது தவறான கேள்விக்குப் பதில். பட்டியலுக்குள் செலவு எவ்வளவு வேறுபடுகிறது என்பதுதான் கேள்வி. கணக்குக்காக நானே போட்ட எண்கள் இவை. களத்து எண்கள் அல்ல. பம்ப் 4.6 மில்லியன் ரிங்கிட், உச்ச ஆழம் 35 விழுக்காடு குறைகிறது. தொட்டி 4.0 மில்லியன், 20 விழுக்காடு. நீர் இறங்கும் நடைபாதை 4.3 மில்லியன், 5 விழுக்காடு. 0–100-க்கு மாற்றினால் செலவில் பம்ப் 0, தொட்டி 100, நடைபாதை 50. வெள்ளக் குறைப்பில் 100, 50, 0. பராமரிப்பு எளிமையில் 0, 40, 100 என்று வைப்போம்.

செலவுக்கு 50, வெள்ளத்துக்கு 30, பராமரிப்புக்கு 20 எடை போட்டால் பம்புக்கு 30, தொட்டிக்கு 73, நடைபாதைக்கு 45. இங்கே நடந்தது என்ன? 0.6 மில்லியன் வித்தியாசத்துக்கு 50 புள்ளி கொடுத்துவிட்டு, 30 விழுக்காட்டு வெள்ள வித்தியாசத்துக்கு 30 புள்ளிதான் கொடுத்திருக்கிறோம்.

ஸ்விங் முறையில் இப்படிக் கேளுங்கள்: எல்லா அளவுகோலும் பட்டியலின் மோசமான நிலையில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் நல்ல நிலைக்கு மாற்ற அனுமதி. எதை முதலில் மாற்றுவீர்கள்? வெள்ளம் என்றால் அதற்கு 100. அந்தத் தாவலோடு ஒப்பிட்டால் பராமரிப்பு எத்தனை? 40 என்கிறார்கள். செலவு? 4.6-லிருந்து 4.0-க்கு வருவது 25 என்கிறார்கள். கூட்டினால் 165; வகுத்தால் வெள்ளம் 61, பராமரிப்பு 24, செலவு 15. இப்போது பம்ப் 61, தொட்டி 55, நடைபாதை 31.5. வரிசை மாறிவிட்டது.

இங்கே நிறுத்தாதீர்கள். பராமரிப்புக்கு 40 என்றார்களே, அதை மட்டும் ஏற்றிப் பாருங்கள். 62.5-ஐத் தாண்டினால் தொட்டி முந்துகிறது. அப்படியானால் இனி தோண்ட வேண்டியது பம்பைப் பராமரிக்க உண்மையில் என்ன ஆகும் என்பதைத்தான். செலவுக்கணக்கை இன்னும் கூர்மையாக்கிப் பயனில்லை.

இன்னொரு கண்ணி. பிறகு யாராவது 20 மில்லியன் ரிங்கிட் திட்டம் ஒன்றைப் பட்டியலில் சேர்த்தால் செலவு அளவுகோல் நீண்டுவிடும், மற்ற மூன்றுக்கும் இடையிலான வித்தியாசம் ஒன்றுமில்லாமல் போய்விடும். பழைய எடையோடு ஓட்டினால் வரிசை காரணமில்லாமல் ஆடும். அளவுகோலின் இரு முனைகளை முன்கூட்டியே கட்டுங்கள். இல்லாவிட்டால் பட்டியல் மாறும்போதெல்லாம் எடையைத் திரும்பக் கேளுங்கள். “ஒன்றும் செய்யாவிட்டால்” என்ற வரியும் அட்டவணையில் இருக்க வேண்டும்.

—

சுங்கைக்கரை எழுதியது:

அக்கா சொன்ன எடைக் கணக்கு சரி. ஆனால் அந்த உதாரணத்தில் பம்பும் தொட்டியும் எதிரிகள். களத்தில் இரண்டும் ஒரே குடும்பம். தாழ்நிலத்தில் ஒன்றில்லாமல் மற்றொன்று நிற்காது.

40 ஹெக்டேர் நீர்பிடிப்பு, ஓட்டக் குணகம் (பெய்த மழையில் ஓடி வரும் பங்கு) 0.8, ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் மழை என்று வையுங்கள். உச்ச ஓட்டம் 0.8 × 100 × 40 ÷ 360, அதாவது நொடிக்கு 8.9 கன மீட்டர். அதை அப்படியே தூக்கும் பம்பை யாரும் வாங்க மாட்டார்கள். அந்த ஒரு மணி நேரத்தின் மொத்தத் தண்ணீர் 32,000 கன மீட்டர். நொடிக்கு 3 கன மீட்டர் பம்ப் 10,800-ஐ வெளியேற்றும். மீதி 21,200 எங்காவது உட்கார வேண்டும். 4 ஹெக்டேர் திடலில் 53 சென்டிமீட்டர் ஆழம். பம்ப் நொடிக்கு 5 கன மீட்டர் என்றால் மீதி 14,000. ஆக, பட்டியலில் “பம்ப்”, “தொட்டி” என்று தனித்தனியாக எழுதாமல் “பம்ப் 3 + தேக்கம் 21,200”, “பம்ப் 5 + தேக்கம் 14,000” என்று இணைகளாக எழுதுங்கள். இது முதற்கட்ட மதிப்பீட்டுக்கான கணக்குத்தான். வடிவமைப்புக்கு அலையோடு சேர்த்து நீரோட்ட மாதிரி ஓட்டியே ஆக வேண்டும்.

மழை எண்ணுக்கு வடிகால் நீர்ப்பாசனத் துறையின் நகர மழைநீர் மேலாண்மைக் கையேடான மஸ்மா, 2012 இரண்டாம் பதிப்பு. அதிலுள்ள மழைச்செறிவு கடந்தகாலப் பதிவிலிருந்து வந்தது. எதிர்காலத்துக்கு, தேசிய நீர் ஆய்வுக் கழகமான நாஹ்ரிம் தீபகற்பத்துக்கு வெளியிட்ட காலநிலை மாற்றக் காரணியால் பெருக்க வேண்டும். காரணி நிலையத்துக்கு நிலையம், மீள்வரவுக் காலத்துக்கு (அத்தகைய மழை சராசரியாக எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை வரும் என்பது) மீள்வரவுக் காலம் மாறும். “எல்லா இடத்துக்கும் 20 விழுக்காடு கூட்டு” என்று எழுதுவது சோம்பேறித்தனம். தொழில்நுட்பத்தின் ஆயுளுக்கேற்ற ஆண்டின் காரணியை எடுங்கள். மோட்டாருக்கு 15–20 ஆண்டு போதும், கான்கிரீட்டுக்குப் போதாது.

பினாங்கில் அடிக்கடி நடக்கும் தவறு உயர மட்டம். அலை அட்டவணை கடல் வரைபட மட்டத்திலிருந்து எண்ணப்படுகிறது. நில அளவை தீபகற்பத்தின் புவியளவுச் செங்குத்து மட்டத்திலிருந்து, அதாவது கிள்ளான் துறைமுகத்தின் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து. இரண்டையும் திருத்தாமல் ஒரே வரைபடத்தில் வைத்தால் ஒரு மீட்டருக்கும் மேல் பிழை வரும். கடல் இருப்பதை விட உயரமாகத் தெரிந்து, தேவையே இல்லாத பம்பை நியாயப்படுத்திவிடும். ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் எந்த மட்டம் என்று எழுதாத தொழில்நுட்பத் தாளை (ஒவ்வொரு தொழில்நுட்பத்தையும் விவரிக்கும் தாள்) திருப்பி அனுப்புங்கள்.

இப்போது அக்கா கேட்ட பராமரிப்பு. மடல்போல் தானாக மூடும் கதவில் ஒரு பலகைத் துண்டோ பாட்டிலோ சிக்கினாலே போதும். ரப்பர் விளிம்பில் சிப்பி ஒட்டினால் இன்னும் மோசம். மழையில்லாத நாளில், வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே கடல்நீர் லோங்காங் வழியாக மேலே வரும். பெரிய அலை நாள்களுக்கு முன் கதவைத் திறந்து துடைக்க ஆளும் படகும் வேண்டும். பம்புக்கு முன்னால் குப்பைத் தடுப்புக் கம்பி, அதை வாரும் இயந்திரம். வாரும் இயந்திரத்தை “பிறகு பார்க்கலாம்” என்று வெட்டிவிட்டால், கனமழையின் முதல் அரை மணியில் பிளாஸ்டிக் பையே பம்பை நிறுத்திவிடும். 3 கன மீட்டர் தேவை என்றால் 1.5 கன மீட்டர் பம்ப் மூன்று வையுங்கள், இரண்டு ஓட, ஒன்று தயாராக இருக்க. 3 மீட்டர் உயரத்துக்கு, 70 விழுக்காடு திறனில், 126 கிலோவாட் வரும். இடி மழையில்தான் மின்சாரமும் போகும். அதனால் ஜெனரேட்டர் கட்டாயம். அதை மாதம் ஒரு முறை சும்மா ஓட விடாமல் பம்பை இணைத்தே ஓட்ட வேண்டும், பம்புகளை ஒவ்வொன்றாகத்தான் தொடங்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகிலும் உப்புநீருக்கு எல்லா வகையும் ஆகாது. 304 என்று எழுதியிருந்தால் 316 கேளுங்கள்.

ஆண்டுக்கு 200 மணி நேரம் ஓடினால் 25,200 யூனிட் (கிலோவாட் மணி). அதன் கார்பன் ஏறக்குறைய 20 டன். இதற்காகத்தானா பம்பை 13-ஆம் இடத்துக்குத் தள்ளினீர்கள்?

—

மின்கம்பி எழுதியது:

கார்பன் பக்கம் நான் சொல்கிறேன். எரிசக்தி ஆணையம் தீபகற்ப மின்தொகுப்பின் உமிழ்வுக் காரணியை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2021-க்கு மெகாவாட் மணிக்கு 0.758 டன், 2022-க்கு 0.774. ஏதோ ஓர் அனைத்துலகச் சராசரியைப் போடாதீர்கள், சபா, சரவாக் எண்களையும் கலக்காதீர்கள். சரவாக்கில் நீர்மின்சாரம் அதிகம், காரணி மிகக் குறைவு.

500 கிலோவாட் கூரைச் சோலார் என்று வையுங்கள். கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 1,250 யூனிட் என்றால் 625,000 யூனிட். 0.774-ஆல் பெருக்கினால் 484 டன். கிலோவாட்டுக்கு 3,000 ரிங்கிட் என்று கணக்குக்காக எடுத்தால் முதலீடு 1.5 மில்லியன். 20 ஆண்டு, 6 விழுக்காட்டில் ஆண்டுத் தவணை 130,777 ரிங்கிட், பராமரிப்பு 22,500, மொத்தம் 153,277. டன்னுக்கு 317 ரிங்கிட். இந்த எண்ணோடு ஒருவர் வருவார். இன்னொருவர், அது மிச்சப்படுத்தும் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 30 சென் மதிப்புப் போட்டு 187,500-ஐக் கழிப்பார். டன்னுக்கு மைனஸ் 71 ரிங்கிட் வரும். இரண்டும் சரிதான், ஆனால் ஒரே அட்டவணையில் இருக்கக்கூடாது. எல்லாத் தொழில்நுட்பத்துக்கும் நிகர எண்ணையே எடுங்கள். அந்த 30 சென் கட்டணமா, உற்பத்திச் செலவா என்பதையும் எழுதுங்கள். வீட்டுக்காரருக்கு மிச்சமாவது கட்டணம். நாட்டுக்கு மிச்சமாவது எரிபொருள். அரசு மதிப்பீட்டுக்கு இரண்டாவதுதான் பொருந்தும். இந்தக் கணக்கில் இன்வெர்ட்டர் மாற்றும் செலவு இல்லை. 10–12 ஆண்டில் ஒரு முறை அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

484 டன் 20 ஆண்டும் அப்படியே வராது. 2023 தேசிய எரிசக்தி மாற்றத் திட்டத்தின்படி 2050-இல் நிறுவுதிறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கது. மின்தொகுப்பு சுத்தமாக ஆக, ஒரே பலகை தவிர்க்கும் கார்பன் குறையும். காரணி 0.774-லிருந்து 0.4-க்குச் சீராக இறங்குகிறது என்று பாவித்தால் சராசரி 0.587, ஆண்டுக்கு 367 டன். சோலாரின் முதலிடம் கொஞ்சம் தளரும். பலகை ஆண்டுக்கு அரை விழுக்காடு தேய்வதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம்.

கடலோரம் என்றீர்கள். பலகைக்கு ஐ.இ.சி. 61701 உப்புப்பனிச் சோதனைச் சான்று கேளுங்கள். பலகை தாங்கும், அதைப் பிடித்திருக்கும் போல்ட்டும் கிளிப்பும்தான் முதலில் போகும்.

தெருவிளக்கில் இரண்டு பிழை. 150 வாட் சோடியம் விளக்கு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பேலஸ்டோடு சேர்த்து 170 வாட் இழுக்கும். 150 என்று போட்டால் மிச்சம் குறைவாகத் தெரியும். 80 வாட் எல்.இ.டி. மாற்றினால் 90 வாட் மிச்சம், ஆண்டுக்கு 4,380 மணி நேரத்தில் விளக்குக்கு 394 யூனிட், 1,000 விளக்குக்கு 305 டன். இரண்டாவது பிழை பெரிது. மாநகர் மன்றம் அந்த விளக்குகளை எப்படியும் மாற்றப்போகிறது என்றால், உங்கள் மதிப்பீட்டால் கூடுதலாகக் கிடைப்பது பூஜ்யம். அடிப்படை நிலையைக் கேட்காமல் வந்த இரண்டாமிடம் அது. கொள்முதலில் 10 கிலோவோல்ட் மின்னல் தடுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் நம் ஊர் இடிக்கு விளக்கின் டிரைவர் மின்சுற்றுதான் முதலில் சாகும்.

—

பாயான்பாரு_வாசி எழுதியது:

மிக்க நன்றி. சுங்கைக்கரை அண்ணே, இணைகளாக எழுதும் யோசனை பல சிக்கலை அவிழ்க்கிறது. இன்னும் இரண்டு கேள்வி. பட்டறைக்கு 25 பேர் வருகிறார்கள், பாதி அதிகாரிகள், பாதி குடியிருப்பாளர் சங்கம். மதிப்பெண்ணை எப்படி வாங்குவது? வரிசை முடிந்த பிறகு என்ன எழுத வேண்டும்?

—

கணக்குமேசை எழுதியது:

25 பேரையும் ஒரே மேசையில் உட்கார வைக்காதீர்கள். எட்டு எட்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவிலும் அதிகாரியும் குடியிருப்பாளரும் கலந்திருக்கட்டும், ஆனால் ஒரே துறையின் மேலதிகாரியும் கீழதிகாரியும் ஒரே குழுவில் வேண்டாம். பெரியவர் வாய் திறந்துவிட்டால் மற்ற ஏழு சீட்டும் அதே எண்ணாக வரும். பேசுவதற்கு முன் ஒவ்வொருவரும் பெயரில்லாத சீட்டில் எழுதட்டும். நடு எண்ணையும் மிகக் குறைந்தது, மிக அதிகமானதையும் பலகையில் போடுங்கள். இடைவெளி 40-க்கு மேல் இருப்பதை மட்டும் பேசுங்கள், பிறகு ஒரு முறை திரும்ப எழுதுங்கள். சராசரி எடுத்து இடைவெளியை மறைக்காதீர்கள்.

மக்களிடம் எடை கேளுங்கள், பொறியியல் எண்ணைக் கேட்காதீர்கள். உச்ச ஆழம் எத்தனை விழுக்காடு குறையும் என்பது வாக்கெடுப்புக்கான விஷயமல்ல. தொழில்நுட்பத் தாளை ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள், தமிழிலும் மலாயிலும், இரண்டு பக்கத்துக்கு மிகாமல். ஆயுள், முதலீடு, ஆண்டுப் பராமரிப்பு, வேண்டிய நிலம், யாருடைய அனுமதி, உதிரிபாகம் எங்கிருந்து வருகிறது, எப்படிப் பழுதாகும். கடைசி இரண்டும்தான் விற்பனையாளர் தாளில் இருக்காது.

வரிசைக்குப் பிறகு ஐ.நா. முறையில் இன்னும் இரண்டு அறிக்கை உண்டு: தடைகளின் ஆய்வு, செயல்திட்டம். தடை ஆய்வில் சந்தையில் வாங்கும் பொருளையும் அரசு தர வேண்டிய பொருளையும் பிரியுங்கள். சோலார் சந்தைப் பொருள். அதன் தடை கடன், கட்டண விதி, கூரை உரிமை. பம்ப் பொதுப்பொருள், அதன் தடை பட்ஜெட்டும் பொறுப்பும். “விழிப்புணர்வுக் குறைவு” என்று இரண்டுக்கும் ஒரே வரியை ஒட்டுவது கைவிட வேண்டிய பழக்கம். செயல்திட்டத்தில் தொழில்நுட்ப உதவி தேவைப்பட்டால் ஐ.நா.வின் காலநிலைத் தொழில்நுட்ப மையத்திடம் கேட்கலாம். நாட்டின் நியமிக்கப்பட்ட அமைப்பு வழியாகத்தான் விண்ணப்பம் போகும், மன்றம் நேரே அனுப்ப முடியாது.

—

சுங்கைக்கரை எழுதியது:

பொறுப்பு என்றதும் ஒன்றைச் சேர்க்கிறேன். இந்த முறையில் தொழில்நுட்பம் என்றால் கருவி, அதை இயக்கும் அறிவு, அதற்கான அமைப்பு மூன்றும். கோலாலம்பூர் ஸ்மார்ட் சுரங்கத்தைப் பாருங்கள். 2007-இல் திறந்த 9.7 கிலோமீட்டர் வெள்ளநீர்ச் சுரங்கம், அதன் ஒரு பகுதியில் மட்டும் சாலை. மழை குறைவானால் அந்தப் பகுதி வாகனத்துக்கு மட்டும், நடுத்தரமானால் சாலைத் தளத்துக்குக் கீழே தண்ணீர், கனமழையில் சாலையை மூடிவிட்டு முழுதும் தண்ணீருக்கு. வாகனங்களை வெளியேற்றி முடித்தபிறகுதான் கதவைத் திறக்கலாம். வெறும் சுரங்கமாக மதிப்பெண் போட்டால் இந்த நடைமுறையே கணக்கில் வராது. எல்லையும் அப்படித்தான். அது நகர மையத்துக்கு மேற்புறத்திலிருந்து வரும் தண்ணீரைத் திருப்புவதற்கு. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை வைத்து அதற்கு மதிப்பெண் குறைக்க முடியாது. எந்த நீர்பிடிப்புக்கு எந்தக் கருவி என்று தாளின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

உங்கள் அலைக்கதவுக்கு இதே கேள்வி: லோங்காங் மன்றத்தினுடையது, ஆற்று முகம் வடிகால் துறையினுடையது என்றால் கதவு யாருடையது? இரவு 2 மணிக்குக் கடல் ஏறும்போது கம்பியில் குப்பை வாருபவர் எந்தத் துறையின் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்? பராமரிப்பு அளவுகோலில் மதிப்பெண் போடும் முன் இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் இல்லாவிட்டால் பம்புக்கு 0 போட்டு, பராமரிப்பின் எடையைத் திரும்பக் கேளுங்கள். அந்த எடை அக்கா சொன்ன 62.5-ஐத் தாண்டுகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.